ஏரிக்கரை வழியில் நாற்பது பங்கு



இக்கட்டுரையை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எழுதுகின்றோம். சென்ற ஆண்டு வரை இது நடவாத காரியம். ஒரே தெருவில் குடியிருந்தும், ஒரே பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதும், மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் ஸலாம் இல்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை அறியாதவர்களாய் நாங்கள் இருக்கவில்லை. அறிந்தே இருந்தோம். மூன்று நாளை மூன்று ஆண்டாக்கினோம். அந்தப் பிணக்கு ஒரு சைக்கிள் பயணத்தில் எப்படித் தீர்ந்தது என்பதையும், தீர்ந்தபோது எங்களுக்குத் தெரியவந்த பெரும் பிழையையும் மறைக்காமல் சொல்வதே நோக்கம்.

தொடக்கம் ஒரு கைப்பேசிக் காணொளி. எங்களுள் மூத்தவரின் மகனுக்கு வயது பதினேழு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரைகளைத் தொட்டுக்கிடக்கும் போடன்சீ ஏரியைச் சுற்றி, ஏறத்தாழ 260 கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஒன்று இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் ரைன் நதி அந்த ஏரிக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. பனி மூடிய சிகரங்களைப் பார்த்தவாறு குடும்பம் குடும்பமாக மக்கள் மிதித்துச் செல்லும் காட்சியை அவன் தன் பாட்டியிடம் காட்டி, "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு உண்டா?" என்று கேட்டிருக்கிறான்.

அம்மா அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மலைதான் இல்ல. ஏரிக்கு என்ன குறைச்சல்? உங்க பாட்டனார் நாப்பது வருஷம் ஏரிக்கரை மேலதான் சைக்கிள் ஓட்டினார்" என்றார்களாம்.

அம்மா சொன்னது உண்மை. எங்கள் அத்தா துணி வியாபாரி. கடை வைத்தது பிற்காலத்தில். அதற்கு முன்பெல்லாம் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று தவணைக்கு விற்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் புறப்பட்டுப் பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் வழியாக மேற்கே திரும்பித் தென்னேரி, வாலாஜாபாத் வரை செல்வது அவர்களின் வாரச் சுற்று. அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைப்பார்கள். ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஏரி ஒன்று இருக்கும். ஏரி இருந்தால் அதன் கரை வண்டித் தடமாக இருக்கும். சைக்கிளுக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது.

பிறகு காலம் மாறியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. டயர், மோட்டார் சைக்கிள், லாரி, கைப்பேசி என ஆலைகள் வரிசையாக வந்தன. எங்கள் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் புன்செய் தொழிற்பேட்டைக்குச் சென்றது. வந்த இழப்பீட்டில் அத்தா ஒரு மனை வாங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்குவதற்கென வரிசையாகப் பன்னிரண்டு அறைகள் கட்டினார்கள். எங்களுள் இளையவருக்கு மோட்டார் உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை கிடைத்தது. மூத்தவர் அத்தாவின் துணிக்கடையைக் கவனித்துக்கொண்டார். ஆலைகளால் எங்கள் குடும்பம் வாழ்ந்தது என்பதை மறுக்க முடியாது. எங்கள் சண்டையும் அந்த இழப்பீட்டுப் பணத்திலிருந்தே பிறந்தது.

அத்தா சிறுநீரக நோயால் இரண்டு ஆண்டுகள் துன்புற்று வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன் பின் பன்னிரண்டு அறைகளின் வாடகையை மூத்தவர் வாங்கிவந்தார். பாதி தன்னுடையது என்றார் இளையவர். டயாலிசிஸ் செலவைக் கழித்துக்கொண்டே பாதி தருவேன் என்றார் மூத்தவர். அத்தா நடத்திய கடையைக் காலி செய்தபோது திரும்பக் கிடைத்த முன்பணம் இரண்டு இலட்சம் ரூபாயை, "என் பாதிக்கு ஈடு" என்று சொல்லி இளையவர் வைத்துக்கொண்டார். வார்த்தை தடித்தது. பெருநாள் தொழுகையில்கூட முஸாஃபஹா செய்யாமல் வெவ்வேறு வாசல் வழியே வெளியேறினோம்.

காணொளியைப் பார்த்த இரவு அம்மா எங்கள் இருவரையும் அழைத்தார்கள். "நான் மௌத்தாகுறதுக்கு முந்தி ஒண்ணு பார்க்கணும். அத்தா போன வழியில ரெண்டு பேரும் சைக்கிள்ல போய், தங்கச்சியைப் பார்த்துட்டு வாங்க. பேச வேணாம். போய்ட்டு மட்டும் வாங்க" என்றார்கள். எங்கள் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது வாலாஜாபாத்தில்.

தை மாதத்தின் ஒரு ஞாயிறு. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிரம்பியிருந்த நேரம். பஜ்ர் தொழுகையை ஜமாஅத்தோடு நிறைவேற்றிவிட்டு, பயண துஆ ஓதிப் புறப்பட்டோம். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி வாங்கிய கியர் சைக்கிளில் இளையவர் வந்தார். அத்தாவின் பழைய ஹெர்குலிஸில் மூத்தவர் வந்தார். வாகனங்களை வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, நாம் அவனிடமே திரும்பக்கூடியவர்கள் என்று முடியும் அந்த துஆவை, பேசாத இருவரும் ஒரே நேரத்தில் வாய்க்குள் ஓதினோம்.

முதல் பத்து கிலோமீட்டர் அழகான பாதை என்று சொல்ல மாட்டோம். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் அந்த நேரம் ஷிப்ட் மாறும் நேரம். தொழிலாளர் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் எதிரும் புதிருமாக விரைந்தன. அவற்றுக்கு நடுவே, விளக்கில்லாத சைக்கிள்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். போடன்சீக் கரையில் சைக்கிள் ஓட்டுவது விடுமுறை இன்பம். இங்கே அது, பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தி ஊருக்கு அனுப்பும் வழி. எங்கள் பன்னிரண்டு அறைகளில் குடியிருப்போரும் இவர்களைப் போன்றவர்களே. அவர்கள் தந்த வாடகைக்காக நாங்கள் அடித்துக்கொண்டோம். அவர்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்பதை அன்றுதான் அவர்களோடு சேர்ந்து மிதித்துப் பார்த்தோம்.

பிள்ளைப்பாக்கம் ஏரியை அடைந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. கரை மீது ஏறினால் ஒரு பக்கம் ஆலைகளின் கூரைகள், மறுபக்கம் தகடு போல் நீர். நீர்க்காகங்கள் இறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் அவற்றின் உபரி நீர் செம்பரம்பாக்கத்திற்குச் செல்லும். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம், சென்னையின் குடிநீர்த் தேக்கங்களுள் ஒன்று. 2015 டிசம்பர் மழையில் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதையும், சென்னை மூழ்கியதையும் எல்லோரும் அறிவோம். ஒரகடத்திற்குக் கிழக்கே மணிமங்கலம் ஏரியின் உபரியும் அடையாற்றுக்கே போகிறது. ஒரு கரையில் தேங்கும் நீர் இன்னொரு ஊரின் தாகமாகவோ வெள்ளமாகவோ ஆகிறது. தனித்து நிற்கும் ஏரி என்று இந்த வட்டாரத்தில் எதுவும் இல்லை.

வல்லம் தாண்டியதும் ஹெர்குலிஸின் செயின் கழன்றது. மூத்தவர் இறங்கிப் போராடினார், வரவில்லை. இளையவர் தம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, செயினைப் பல்சக்கரத்தில் பொருத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஏற்றிவிட்டார். கையில் அப்பிய கிரீஸைத் துடைக்க மூத்தவர் தம் கைக்குட்டையை நீட்டினார். "பரவாயில்லைண்ணே, மண்ணுல துடைச்சிக்கிறேன்" என்றார் இளையவர். மூன்று ஆண்டுகளில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இதுவே.

ஒரகடம் கூட்டுச்சாலையில் தேநீர் அருந்தினோம். அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே திரும்பினால், சிறிது தொலைவில் ஆலைகள் குறைந்து வயல்கள் தொடங்குகின்றன. பிரதான சாலையை விட்டு விலகி ஊர்ச் சாலைகள் வழியாகத் தென்னேரியை அடைந்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று அது. தொண்டை நாட்டுத் திரையனின் பெயரால் திரையனேரி என்று வழங்கி, பின்னர் தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். கரையில் நின்றால் எதிர்க்கரை மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது. பனைமரங்களின் நிழல் நீரில் நீண்டு கிடந்தது. காற்றில் ஈரம். பனிச்சிகரம் இல்லைதான், ஆனால் "ஸுப்ஹானல்லாஹ்" என்ற சொல்லை நாவு தானாகத் தேடியது.

கலங்கலின் மேல் நீர் மெல்லியதாக வழிந்துகொண்டிருந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: ஏரி தன் அளவுக்கு நிரம்பியபின் மிகுதி வெளியேறுவதற்காகக் கட்டப்பட்ட கற்சுவரே கலங்கல். அதன் உயரம்தான் ஏரியின் உரிமை எல்லை. மேலூர்க்காரர்கள் பேராசைப்பட்டு இரவோடிரவாக அதன்மேல் இரண்டு கல்லும் சேறும் வைத்து உயர்த்திவிட்டால், கீழூர் ஏரிக்கு நீர் வராது. பெருமழை வந்தால் அதே பேராசை தம் கரையையும் உடைக்கும். அத்தா இப்படிப்பட்ட சண்டைகளை நேரில் கண்டவர்கள். மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீர் குறித்து வழக்கு எழுந்தபோது, தம் தோட்டத்திற்குப் பாய்ச்சியபின் அண்டைத் தோட்டத்திற்கு விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை, புகாரி ஷரீஃபில் வரும் செய்தி என்று சொல்லி, எங்கள் சிறு வயதில் அத்தா அடிக்கடி எடுத்துரைப்பார்கள். மேலே இருப்பவனுக்கு முதலில் எடுக்கும் உரிமை உண்டு; அடைத்துவைக்கும் உரிமை இல்லை. இதுதான் அத்தா எங்களுக்குக் கற்பித்த பாடம்.

மூட்டை சுமந்த நாட்களில் அத்தா உட்காரும் மரத்தடி இதுவாக இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது இளையவர், "தங்கச்சி வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போறது?" என்று கேட்டார். மூத்தவர், "வாலாஜாபாத்ல ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கலாம். அத்தா அவ வீட்டுக்கு வெறுங்கையோட போனதே இல்ல" என்றார்.

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை. மூன்று ஆண்டுகளாகப் பன்னிரண்டு அறைகளைப் பற்றிப் பேசினோம், ஏசினோம், ஜமாஅத் பெரியவர்கள் வரை கொண்டு சென்றோம். எங்கள் வழக்கு முழுவதும் இரண்டாகப் பிரிப்பது பற்றியே. கழித்துக்கொண்டு பாதியா, கழிக்காமல் பாதியா என்பதே கேள்வி. மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பதை இருவரில் ஒருவர்கூட ஒருமுறையேனும் சொல்லவில்லை. அம்மாவின் பங்கையும் சொல்லவில்லை. அவள் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் வாசலுக்குப் போகிறோம்.

பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச்சென்றதில், அது குறைவாயினும் அதிகமாயினும், ஆண்களுக்குப் பங்கு இருப்பதுபோல் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று ஸூரத்துன் நிஸாவில் அல்லாஹ் விதித்திருக்கிறான். அது நோன்பைப் போல, தொழுகையைப் போல ஒரு விதி. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவனுக்கு ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியை நாங்கள் பிறருக்காகக் கேட்டதாகவே எண்ணியிருந்தோம்.

"அவதான் கேட்கலையே" என்று மூத்தவர் மெல்லச் சொன்னார். "நாம சொல்லவும் இல்லையே அண்ணே" என்றார் இளையவர்.

வாலாஜாபாத்தை அடைந்தபோது மணி பத்து. ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் அது. முதலில் தங்கை வீட்டிற்குச் செல்லத் துணிவின்றிப் பாலாற்றங்கரைக்குச் சென்றோம். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து கடலில் சேரும் ஆறு, அன்று அகன்ற மணல்வெளியில் இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. உளூச் செய்தோம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் நீரை வீணாக்காதீர் என்ற அறிவுரை நினைவுக்கு வந்தது. ஆற்றிலேயே அளவு மீறக் கூடாதெனில், வாடகைப் பணத்தில் எவ்வளவு கணக்குப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு ரக்அத் லுஹா தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

எங்களை ஒன்றாகக் கண்டதும் தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்பதே அவளது முதல் கேள்வி. இரு அண்ணன்மாரும் சேர்ந்து வர வேண்டுமெனில் அது மரணச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவள் எண்ணும் நிலைக்கு அவளை ஆளாக்கியிருந்தோம்.

பங்கைப் பற்றி மூத்தவர் எடுத்துரைத்தார். தடுமாறியபோது இளையவர் தொடர்ந்தார். அவள் அழவில்லை, வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை. "எனக்கு வேணாம்னு நான் எப்பவும் சொல்லலையேண்ணா. நீங்க ரெண்டு பேரும் கேட்கவே இல்ல. பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வளையலை வச்சப்போ, கேட்கலாமான்னு நினைச்சேன். கேட்டா நீங்க இன்னும் சண்டை போடுவீங்கன்னு விட்டுட்டேன். கணக்கா எழுதிக் குடுங்க" என்றாள். பிறகு அடுப்படிக்குச் சென்று எங்களுக்கு இட்லியும் மீன் குழம்பும் கொண்டு வந்தாள்.

மறுவாரம் ஆலிம் ஒருவரிடம் சென்றோம். அவர்கள் கணக்கை விளக்கிய விதம் பிற குடும்பங்களுக்கும் உதவக்கூடும். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை முதலில் கழியும். பிள்ளைகள் இருப்பதால் மனைவியாகிய அம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம்; இரண்டு மகன்கள், ஒரு மகள் எனில் ஐந்து பங்கு. இரண்டையும் சேர்த்துச் சொத்தை நாற்பதாகப் பிரித்தால் அம்மாவுக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. கூட்டினால் நாற்பது. அத்தாவின் மருத்துவச் செலவு, கடனென்று பேசித் தராதவரை, பிள்ளையின் கித்மத்தாகவே கருதப்படும். அதன் கூலி அல்லாஹ்விடம் என்றார்கள். மூத்தவர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். இளையவர் வைத்திருந்த இரண்டு இலட்சமும் பொதுவில் சேர வேண்டும் என்றார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். அத்தா வஃபாத் ஆன நாள் தொட்டு வாங்கிய வாடகை முழுவதும் இதே விகிதத்தில் எழுதப்பட்டது. ஒரே தவணையில் கொடுக்க எங்களால் இயலவில்லை. பாதி கொடுத்தோம், மீதியைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றோம். தங்கை தன் வளையலை மீட்டுவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதுவதில் எங்களுக்கு வெட்கம் இருக்கிறது. ஆயினும் எங்கள் தெருவிலேயே, "அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்" என்று சகோதரர்களே முடிவுசெய்துகொண்ட வீடுகள் பல உள்ளன. விட்டுக்கொடுப்பது என்றால், பங்கு இவ்வளவு என்று அறிந்து, கையில் பெற்று, மனம் விரும்பித் தருவது. அறியாமல் இழப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளும் இந்த ஏரிக்கரை வழியில் நீங்களும் செல்ல விரும்பினால் சில சொற்கள். மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஞாயிறு விடியலில் புறப்படுங்கள். முன்னும் பின்னும் விளக்குப் பொருத்துங்கள். ஆலைச் சாலைகளில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். சிறுவர்களை அழைத்துச் செல்வதாயின் தென்னேரி, வாலாஜாபாத் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் ஓடும் பகுதி அவர்களுக்கு ஆகாது. எந்த ஏரியிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம்; மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்குள் தெரிவதில்லை. கரையில் கண்ணாடித் துண்டோ முள்ளோ கண்டால் அகற்றிவிடுங்கள். பாதையிலுள்ள இடரை நீக்குவதும் ஈமானின் ஒரு கிளை அல்லவா?

போடன்சீயை எங்கள் பிள்ளைகள் ஒருநாள் காணட்டும், இன்ஷா அல்லாஹ். இப்போதைக்கு மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும், மூத்தவரின் மகனும் சேர்ந்து தங்கை வீடு வரை மிதிக்கின்றோம். தவணைத் தொகை மூத்தவரின் சட்டைப்பையில் இருக்கும். ஹெர்குலிஸை முறைபோட்டு ஓட்டுகின்றோம். செயின் இன்னமும் வல்லத்துக்கு அருகில்தான் கழல்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் அத்தாவின் மண்ணறையை விசாலமாக்குவாயாக. பிறர் பங்கை எங்கள் கையில் வைத்து எங்களை மரணிக்கச் செய்யாதிருப்பாயாக. எங்கள் ஏரிகளையும் உறவுகளையும் வற்றாமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.